அமோனியாவைப் பிடிக்கும் நுண்துளைப் பல்பகுதியங்கள்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமோனியாவின் நெடியை அறியாதவர் வன்னியில் குறைவு. மாரிகாலத்தில் திரைகளை இறக்கி வைத்த கோழிக்கூட்டுக்குள் விடியற்காலையில் நுழைபவரின் கண்ணைக் கரிக்க வைப்பதும், யூரியா எறிந்த வயலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போவதும், மீனுக்கு ஐஸ் உறைய வைக்கும் தொழிற்சாலைகளின் குழாய்களுக்குள் குளிரூட்டியாக ஓடுவதும் இதே வாயுதான். இதைப் பிடித்து வைக்கவென ஆய்வுகூடங்களில் ஆக்கப்படும் நுண்துளைப் பல்பகுதியங்களை (பொலிமர்களை)ப் பற்றி, கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கத்து மாணவரும் பண்ணை வைத்திருப்போரும் கேட்கும் கேள்விகளுக்கு, இயன்றவரை கணக்கோடு இங்கே விடை தரப்படுகிறது.

நுண்துளைப் பல்பகுதியம் என்பது என்ன?

வீட்டு வாளியும் பொலித்தீன் பையும் பல்பகுதியங்களே. ஆனால் அவற்றின் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்துவிடுவதால் உள்ளே வாயு புகுவதற்கு வெளி எதுவும் எஞ்சுவதில்லை. சங்கிலிகளுக்குப் பதிலாக வளையாத, விறைப்பான பென்சீன் வளையங்களை எடுத்து, அவற்றை எல்லாத் திசைகளிலும், அணுக்கள் இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்ளும் பங்கீட்டு வலுப்பிணைப்பால் கோத்தால், படிந்து ஒடுங்க முடியாத ஒரு வலை உருவாகிறது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை நினைத்துக்கொண்டால் வடிவம் விளங்கும், அளவுதான் வேறு. 2 நனோமீற்றருக்குக் குறைந்த துளைகளை நுண்துளை என்றும், 2 முதல் 50 நனோமீற்றர் வரையானவற்றை இடைத்துளை என்றும் இரசாயனவியலாளர் வகுத்திருக்கிறார்கள்.

இந்தத் துளைகளின் சுவர்கள் அனைத்தையும் விரித்துப் போட முடிந்தால் கிடைக்கும் பரப்பளவு வியப்பூட்டுவது. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2009இல் அறிவித்த பி.ஏ.எஃப்.-1 என்னும் பொருளில் ஒரு கிராமுக்கு 5,600 சதுர மீற்றர் அளவிடப்பட்டது. வயற்கணக்கில் சொன்னால், ஒரு தேக்கரண்டியில் அள்ளக்கூடிய தூளுக்குள் ஏறத்தாழ 1.4 ஏக்கர்.

புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் என்ற இரண்டில் இங்கே நடப்பது எது?

புறத்துறிஞ்சல். நீரில் அமோனியா கரைவது அகத்துறிஞ்சல்; துளைச்சுவரின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொள்வது புறத்துறிஞ்சல். சில பல்பகுதியங்கள் அமோனியாவை ஏற்கும்போது தாமும் வீங்கி இரண்டுக்கும் இடைப்பட்டவையாக நடந்துகொள்வதும் உண்டு.

காற்றில் நைதரசனும் ஒட்சிசனும் நிறைந்திருக்க, இவை அமோனியாவை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

வெறும் துளை மட்டும் இருந்தால் தேர்ந்தெடுக்க மாட்டா. பரப்பளவு பெரிதென்பதற்காக ஒரு பொருள் அமோனியாவை நன்கு பிடிக்கும் என்று எண்ணுவதே இத்துறைக்குள் புதிதாக வருவோரின் முதற்பிழை. பி.ஏ.எஃப்.-1இன் சுவர் முழுவதும் காபனும் ஐதரசனுமாக இருப்பதால், செறிவு குறைந்த அமோனியா அதைப் பெரும்பாலும் தொட்டுவிட்டுப் போய்விடும்.

அமோனியா ஒரு மூலம், அதாவது அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும் காரத்தன்மையுள்ள பொருள். அதன் நைதரசன் அணுவில் பிணைப்பில் ஈடுபடாத ஒரு சோடி இலத்திரன்கள் உள்ளன. அந்தச் சோடியை ஏற்க ஆயத்தமாக உள்ள ஏதாவதொன்றைத் துளைச்சுவரில் பதித்துவைப்பதே உபாயம். மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. போரன் போன்ற, இலத்திரன் குறைபாடுள்ள அணுவைச் சட்டகத்திலேயே வைப்பது ஒன்று; இதனை லூயிஸ் அமில வழி என்பர். காபொட்சிலிக்கமிலம், சல்போனிக்கமிலம் ஆகிய அணுக்கூட்டங்களை இணைத்து, அவை தரும் புரோத்தனால் (ஐதரசன் அயனால்) அமோனியாவை அமோனியம் அயனாக மாற்றியோ ஐதரசன் பிணைப்பால் கட்டியோ வைத்திருப்பது இரண்டாவது. செம்பு போன்ற உலோக அயன்களைத் துளைக்குள் ஏற்றுவது மூன்றாவது. நைதரசனும் ஒட்சிசனும் இவற்றுள் எதனோடும் குறிப்பிடும்படி பிணைவதில்லை; ஆகவே தேர்வு தானாகவே நிகழ்ந்துவிடுகிறது. நீராவியின் கதை அப்படியல்ல. அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு கிலோகிராம் பொருள் எவ்வளவு அமோனியாவைப் பிடிக்கும்?

2010இல் இரசாயனவியலாளர் ஓமர் யாகியும் உடனாய்வாளர்களும் சி.ஓ.எஃப்.-10 என்ற, போரன் கொண்ட பங்கீட்டு வலு சேதனச் சட்டகம் 25 பாகை செல்சியஸில், 1 பார் (ஏறத்தாழ வளிமண்டல) அமுக்கத்தில், கிலோகிராமுக்கு 15 மூல் அமோனியாவை ஏற்பதாகக் காட்டினார்கள். அதே நிலைமையில் 13எக்ஸ் சியோலைற்று என்ற நுண்துளைக் கனிமம் 9 மூல்களையும், அம்பர்லிஸ்ற்-15 என்ற சல்போனிக்கமிலப் பிசின் 11 மூல்களையும், இடைத்துளைச் சிலிக்காவான எம்.சி.எம்.-41 ஏறத்தாழ 8 மூல்களையும் ஏற்றன. ஒரு மூல் அமோனியா 17 கிராம் என்பதால் 15 மூல் என்பது 255 கிராம். அதாவது தன் எடையில் கால் பங்கு. 2014இல் பேர்க்கிலியில் ஜெஃப்ரி லோங்கின் குழுவினர், காபொட்சிலிக்கமிலக் கூட்டங்களை நெருக்கமாக அடுக்கிய பல்பகுதியங்களில் இதையும் விஞ்சிய அளவுகளைப் பெற்றார்கள்.

இந்த எண்களைப் பார்த்து மயங்கவேண்டாம். அமோனியாவின் அமுக்கம் 1 பார் என்பது சுற்றிலும் தூய அமோனியா மட்டுமே நிறைந்திருக்கும் நிலை. அத்தகைய அறையில் நிற்கும் மனிதர் பிழைக்கமாட்டார். தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு, சுருக்கமாக 25 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து எனக் கொள்ளப்படுவது 300 பிபிஎம். 25 பிபிஎம் காற்றில் அமோனியாவின் பகுதியமுக்கம், அதாவது மொத்த அமுக்கத்தில் அதன் பங்கு, ஒரு பாரின் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த மெல்லிய நிலையில் பொருள் எவ்வளவு பிடிக்கிறது என்பதைத்தான் கேட்கவேண்டும்.

அம்பர்லிஸ்ற்-15ஐயே எடுத்துக்கொள்வோம். உலர்ந்த நிலையில் அதன் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 4.7 மூல் அமிலக் கூட்டங்களே உள்ளன. ஆனால் 1 பாரில் அது 11 மூல் அமோனியாவை ஏற்கிறது. முதல் 4.7 மூல்கள் அமிலத்தோடு நேரடியாகக் கைகோத்தவை. எஞ்சியவை ஏற்கனவே அமர்ந்திருக்கும் அமோனியத்தின்மேல் ஐதரசன் பிணைப்பால் தொற்றிக்கொண்டவை. அமுக்கம் குறைந்தால் தொற்றியவை முதலில் கழன்றுபோகும். ஆகவே பண்ணைக்கும் முகமூடிக்கும் நம்பக்கூடிய எண் 11 அல்ல, 4.7இற்கு அண்மையானது. விளம்பரத் தாள்களில் பெரிய எண்தான் அச்சிடப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்து ஈரக் காற்றில் இது வேலை செய்யுமா?

வன்னிக்கு இதுவே முதன்மையான கேள்வி. 30 பாகை வெப்பநிலையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றில், மாரியின் தொடக்கத்தில் இது வழமையான நிலைதான், நீராவியின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 3.4 கிலோபஸ்கால். 25 பிபிஎம் அமோனியாவோடு ஒப்பிட்டால், ஒவ்வோர் அமோனியா மூலக்கூறுக்கும் 1,300இற்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் போட்டியிட நிற்கின்றன. அளவு பார்த்துச் சல்லடையாய் அரித்தெடுப்போம் என்றாலும் வழியில்லை: அமோனியாவின் இயக்க விட்டம் 0.26 நனோமீற்றர், நீருடையது 0.265. ஒன்று நுழையும் வாசலால் மற்றதும் நுழையும்.

எனவே விடை பொருளுக்குப் பொருள் மாறும். சி.ஓ.எஃப்.-10இன் போரோனேற்று எஸ்தர்ப் பிணைப்பு நீரால் பகுக்கப்படக்கூடியது. உலர்ந்த கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிபெற்ற அது முல்லைத்தீவுக் கரையில் தாக்குப்பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். ஐதரொட்சில் போன்ற மென்மையான கூட்டங்களை மட்டும் நம்பும் பொருள்களில் நீர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அமோனியாவை வெளியே நிறுத்திவிடும். வன்மையான சல்போனிக்கமிலத்தில் நிலைமை மறுதலை: சுவரில் படியும் மெல்லிய நீர்ப்படலத்தில் அமோனியா கரைந்து, அங்கேயே புரோத்தனை ஏற்று அமோனியமாகி அமர்கிறது, ஈரம் அங்கே தடையாக அமையாமல் துணையாகவும் அமையக்கூடும். காபன்–காபன் பிணைப்புகளால் கோத்த சட்டகத்தில் சல்போனிக்கமிலம் பதித்த பொருள்களே நம் காலநிலைக்குப் பொருந்துவன என்பது என் கருத்து.

கோழிக்கூட்டில் இதைப் பயன்படுத்தலாமா?

கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 20 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், சராசரி 2.5 மீற்றர் உயரமான கூடு ஒன்றின் கொள்ளளவு 300 கன மீற்றர். அதன் காற்றில் 25 பிபிஎம் அமோனியா இருந்தால், எந்த ஒரு கணத்திலும் உள்ளே மிதப்பது 5 கிராம் மட்டுமே. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கூட்டின் காற்று மாறிக்கொண்டே இருக்க, எச்சத்திலுள்ள யூரிக்கமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துப் புதிய அமோனியாவை இடைவிடாது விடுகின்றன. திரை இறக்கிய இரவில் மணித்தியாலத்துக்கு ஐந்து தடவை காற்று மாறுவதாக வைத்துக்கொண்டால், 12 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 300 கிராம் அமோனியாவைப் பிடிக்கவேண்டியிருக்கும்.

ஒரு கிலோகிராம் சல்போனிக்கமிலப் பிசின் நம்பத்தக்க முறையில் பிடிப்பது 80 கிராம். எனவே முழுமையாகப் பயன்பட்டாலே இரவொன்றுக்கு 4 கிலோகிராமளவு தேவை. பிசின் படுக்கையின் கடைசிப் பிசின்மணி வரை நிரம்பும்முன்பே அமோனியா மறுபக்கத்தால் கசியத் தொடங்கும் என்பதால், நடைமுறையில் அதன் இருமடங்கு வேண்டும். மணித்தியாலத்துக்கு 1,500 கன மீற்றர் காற்றை அந்தப் பிசின்மணிகளினூடாக இழுக்கும் விசிறி, அதற்கான மின்சாரம், ஒவ்வொரு காலையும் அமிலத்தால் பிசினைக் கழுவும் வேலை, உமித்தூசியும் இறகும் அடைக்காமல் முன்னே ஒரு வடி, இவையெல்லாம் சேர்ந்தபின் முட்டை விலையில் என்ன மிஞ்சும்?

கூட்டின் தரையில் உமியை உலர்வாக வைத்திருப்பதும், குடிநீர்க் குழாயின் ஒழுக்கை அன்றைக்கே அடைப்பதும், பகலில் சோளகத்துக்குத் திரையை உயர்த்துவதும் இதைவிட மலிவாகவும் உறுதியாகவும் பலன் தருவன. கூட்டின் உமிப்படுக்கையின் காரத்தன்மையைக் குறைக்கும் படிகாரமும் சில நாடுகளில் இதற்கெனத் தூவப்படுகிறது. காரணம் எளிது: அமோனியா–அமோனியம் சமநிலையின் பீகேஏ பெறுமானம், அதாவது இரண்டும் சமபங்காக இருக்கும் பீஎச், ஏறத்தாழ 9.25; உமிப்படுக்கையின் பீஎச் 7இற்கு இறங்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வாயுவாகாமல் உப்பாகவே தரையில் தங்கிவிடும்.

ஐஸ் தொழிற்சாலையில் கசிவு ஏற்பட்டால் பல்பகுதியம் காப்பாற்றுமா?

பெருங்கசிவில் காப்பாற்றாது. 10 கிலோகிராம் அமோனியா வெளியேறினால், சி.ஓ.எஃப்.-10 போன்ற சிறந்த பொருளிலும் ஏறத்தாழ 40 கிலோகிராம் தேவைப்படும். அத்தனை பொருளை எந்த ஆய்வுகூடமும் ஆக்கி வைத்திருப்பதில்லை. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் அமோனியாவைக் கரைத்துக்கொள்ளும். வாயுவின்மேல் விசிறும் நீர்த்திரையே இன்னும் முதற்கருவி. ஆனால் நிலத்தில் தேங்கிய திரவ அமோனியாவின்மேல் நீரை ஊற்றக்கூடாது. அதன் கொதிநிலை மறை 33 (−33) பாகை. நீரின் வெப்பம் அதை மேலும் கொதிக்கவைத்து முகிலாக எழுப்பும். கரைசலைக் கடல்நீரேரிக்குள் ஓடவிடுவதும் தகாது. அமோனியா மீனுக்கு நஞ்சு, நந்திக்கடல் போன்ற ஆழங்குறைந்த ஏரியில் அது எளிதில் ஐதாகாது.

2017 ஒக்டோபரில் கனடாவின் பேர்னி நகரில், பனிச்சறுக்கு அரங்கின் குளிரூட்டித் தொகுதியிலிருந்து அமோனியா கசிந்து மூவர் இறந்தனர். மணலில் நின்று மீன்பெட்டிக்கு உடைக்கும் ஐஸும் அந்த அரங்கின் தரையும் ஒரே தொழில்நுட்பத்தின் பிள்ளைகள்.

பல்பகுதியத்துக்கு இங்கேயும் இடமுண்டு. அது சிறிய இடம். வெளியேற்று குழாயின் முடிவில் எஞ்சும் சில பிபிஎம் அளவைத் துடைத்தெடுப்பதற்கும், கசிவை முன்கூட்டி உணரும் கருவிக்கும் அது பொருந்தும். அமிலமேற்றிய பொலியனிலீன் அமோனியாவைத் தொட்டவுடன் புரோத்தனை இழந்து, மின்கடத்தும் திறனில் வீழ்வதால் உணரியாகப் பயன்படுத்தப்படுகிறது. மூக்கை மட்டும் நம்புவது ஏமாற்றும்: நாளெல்லாம் நெடியில் நிற்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

கொரோனாக் காலத்து முகக்கவசம் போதாதா?

போதாது. அது துணிக்கைகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அமோனியாவுக்குரிய வடிகட்டியை ஐரோப்பிய நியமப்படி பச்சைநிறப் பட்டையாலும் கே என்ற எழுத்தாலும் அறியலாம். பெயின்ற் அடிப்போர் அணியும் மண்ணிறப் பட்டை வடிகட்டி சேதன ஆவிகளுக்கானது; அதை அமோனியாவுக்கு அணிந்துகொண்டு உள்ளே போவது வெறுமுகத்தோடு போவதைவிட ஆபத்தானது, ஏனெனில் அணிந்தவர் அச்சமின்றிப் போவார்.

சிரட்டைக்கரி எங்களிடம் தாராளமாக இருக்கிறதே, அது போதுமா?

சிரட்டையிலிருந்து செய்யும் ஏவற்காபன் இலங்கையின் பெயர்பெற்ற ஏற்றுமதிப் பொருள். அதன் நுண்துளைகள் தரமானவை. ஆயினும் அதன் சுவர் முனைவற்றது, அதாவது அமோனியாவை இழுக்கும் மின்னேற்ற வேறுபாடு அதில் இல்லை. குடிநீரின் மணத்தையும் நிறத்தையும் எடுக்கும் அதே கரி, அமோனியாவைச் சிறிதளவே எடுக்கும். பொசுபோரிக்கமிலத்தில் ஊறவைத்து உலர்த்தினால் பிடிக்கும் அளவு பன்மடங்காகும். சந்தையிலுள்ள அமோனியா வடிகட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இவ்வகையில் இரசாயனமேற்றிய கரியே. பல்பகுதியத்தோடு ஒப்பிட்டால் அமிலம் சுவரோடு பிணைக்கப்படாமல் பூசப்பட்டிருப்பது இதன் குறை. ஈரத்தில் அது இடம்பெயரலாம். விலையில் இதை வெல்ல எந்தப் பல்பகுதியத்தாலும் இன்றைக்கு முடியாது. மாணவர் ஆய்வுக்கு நல்ல பொருள். ஆனால் வீட்டில் செய்த கரியை முகமூடிக்குள் இட்டு உயிரைப் பணயம் வைக்கவேண்டாம்.

நீர் மென்மையாக்கும் பிசினைக் கடையில் வாங்கி அப்படியே பயன்படுத்தலாமா?

அப்படியே முடியாது. வவுனியா, கிளிநொச்சிக் கிணறுகளின் வன்னீருக்கென விற்கப்படும் பிசின் சோடியம் வடிவிலானது. வாயுநிலை அமோனியாவுக்குக் கொடுக்க அதனிடம் புரோத்தன் இல்லை. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தால் கழுவி ஐதரசன் வடிவுக்கு மாற்றவேண்டும். மாற்றினாலும் அது பெரும்பாலும் களி (ஜெல்) வகை. உலர்ந்தால் துளைகள் மூடிக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே வேலைசெய்யும். அம்பர்லிஸ்ற் போன்ற பெருந்துளைப் பிசின்கள் உலர்நிலையிலும் திறந்திருப்பதால்தான் வாயு ஆய்வுகளில் அவை இடம்பெறுகின்றன. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கொள்கையை விளக்குவதற்குக் கடைப் பிசினே போதும்.

பிடித்த அமோனியாவை என்ன செய்வது? பொருளை மறுபடி பயன்படுத்தலாமா?

இறுகப் பிடிக்கும் பொருள் இலகுவில் விடாது; இலகுவில் விடும் பொருள் மெல்லிய செறிவில் பிடிக்காது. இந்த இழுபறியிலேயே இத்துறையின் ஆய்வு பெரும்பகுதி கழிகிறது. சி.ஓ.எஃப்.-10 ஏற்ற அமோனியாவை வெளியேற்ற 200 பாகை வெப்பமும் வெற்றிடமும் தேவைப்பட்டன. காபொட்சிலிக்கமில வகைகள் சற்று இலகுவானவை. சல்போனிக்கமில வகையைச் சூடாக்கி விடுவிப்பது கடினம், மிகைச்சூட்டில் அமிலக்கூட்டமே கழன்றுவிடும். அதை ஐதான சல்பூரிக்கமிலத்தால் கழுவுவதே முறை.

கழுவிய நீரில் கிடைப்பது அமோனியம் சல்பேற்று. நைதரசன் 21 சதவீதமுள்ள, கமக்காரர் நன்கறிந்த பசளை அது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது யூரியாவுக்கு அலைந்தவர்கள் இந்த வரியை இருமுறை வாசிப்பார்கள் என்று தெரியும். ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: மேலே கூறிய கூட்டின் ஓர் இரவு அமோனியா முழுவதையும் பிடித்தாலும் அதிலுள்ள நைதரசன் கால் கிலோகிராம், யூரியாவில் நைதரசன் 46 சதவீதம் என்பதால், அது அரைக் கிலோகிராமுக்குச் சற்று அதிகமான யூரியாவுக்குச் சமம். உலர்வாக வைத்த கோழியெருவில் அந்த நைதரசன் பெரும்பாலும் வெளியேறாமல் இருக்கும், அமிலமும் விசிறியும் இல்லாமல்.

வயலில் யூரியாவிலிருந்து போகும் அமோனியாவைப் பிடிக்க வழியுண்டா?

திறந்தவெளியில் இல்லை. மண்ணிலுள்ள யூரியேசு நொதியம் யூரியாவை உடைப்பதைத் தாமதிக்கும் பொருள்களும், பசளையை மண்ணுக்குள் ஆழ இடும் முறையுமே அங்கே பயனுடையவை.

2025இன் இரசாயனவியல் நோபல் பரிசு இப்பொருள்களுக்கா?

இவற்றின் நெருங்கிய உறவுக்கு. சுசுமு கிற்றகாவா, ரிச்சர்ட் றொப்சன், ஓமர் யாகி ஆகிய மூவரும் உலோக–சேதனச் சட்டகங்களுக்காகப் பரிசு பெற்றனர். அவற்றில் உலோக அயன்களைச் சேதன மூலக்கூறுகள் இணைக்கின்றன. அமோனியாவைப் பொறுத்தவரை அவற்றின் பலவீனம் அந்த இணைப்பிலேயே உள்ளது: அமோனியா தானே உலோகத்தோடு பிணைய விரும்புவதால், எம்.ஓ.எஃப்.-5 போன்ற பல சட்டகங்கள் அதை ஏற்றுக்கொண்டு இடிந்துவிடுகின்றன. தாக்குப்பிடிப்பனவும் உண்டு. மறுபுறம், சாதாரண மகனீசியம் குளோரைட்டு ஆறு அமோனியாவைக் கட்டி, உருவாகும் உப்பின் எடையில் பாதிக்கு மேல் அமோனியாவாகவே வைத்திருக்கும். சேமிப்புக்கு அது பொருத்தம், ஆனால் ஏற்கும்போது உப்பி, விடும்போது பொடியாகும், காற்றின் ஈரத்தையும் குடிக்கும். காபன் சட்டகப் பல்பகுதியங்கள் அளவில் எப்போதும் முதலிடம் பெறுவதில்லை. அமிலம், ஈரம், மீள்பாவனை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குவதில் அவற்றுக்கு நிகர் குறைவு.

இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்க விரும்பும் மாணவர் எதை அளக்கவேண்டும்?

பரப்பளவை அளந்து அட்டவணை போடுவதோடு நின்றுவிடாதீர்கள். 1938இல் புரூனவர், எமெற், ரெல்லர் தந்த முறையால் நைதரசனைக் கொண்டு பெறும் அந்த எண், மறை 196 பாகையில் அளக்கப்படுவது. உங்கள் அமோனியா 30 பாகையில் வருகிறது. சிறு குழாயொன்றில் பொருளை நிரப்பி, அறிந்த செறிவுள்ள அமோனியாவை ஈரமாக்கிய காற்றோடு செலுத்தி, மறுமுனையில் அது எத்தனையாவது நிமிடத்தில் எட்டிப்பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுமுனைக் காற்றை அளவறிந்த ஐதான அமிலத்தினூடாகக் குமிழவிட்டு, எஞ்சும் அமிலத்தை நியமிப்பு முறையால் அளந்தாலே போதும், விலைகூடிய கருவி தேவையில்லை. இதனை உலர்காற்றில் ஒருமுறையும், 80 சதவீத ஈரப்பதனில் ஒருமுறையும், கழுவி மீட்டபின் ஐந்து முறையும் செய்யுங்கள். உமிக்கரியையும் சிரட்டைக்கரியையும் அதே குழாயில் இட்டு ஒப்பிடுங்கள். ஆய்வுகூடத்தின் புகைபோக்கு அலுமாரிக்குள்ளேயே வேலைசெய்யுங்கள். கண்ணாடி அணியாமல் அமோனியாக் கொள்கலனைத் திறக்கவேண்டாம், கண்ணின் ஈரத்தில்தான் அது முதலில் கரையும்.